காணிக்கைப் பைக்குள் போன கவர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் பொறுமை ஒன்றைத் தவிர. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, பெண்டாட்டி பிள்ளையோடு சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். நேற்று போனில் அந்தக் கத்து கத்தினாயே, அதற்கு அப்போதே பதில் கொடுத்திருப்பேன், உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம். உன் சித்தி என்னவெல்லாம் ஓதினாளோ தெரியாது, அவள் வாயில் விஷயம் பாதி, மசாலா பாதி. ஆமாம், ஆராதனை நடுவில் நான் காணிக்கைப் பைக்குள் கையை விட்டது உண்மைதான். ஏன் விட்டேன் என்பதை என்னிடம் கேள்.

உன் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, போன பார்வை திரும்பவே திரும்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனிதருக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? போன மாதம் தலைமுடி மாதிரி இருக்கிற கம்பியைத் தடவித் தடவிச் சுற்றி, ஒரே மிக்ஸியை இரண்டு தரம் கருக்கிவிட்டார். கடை முழுக்க வார்னிஷ் தீய்ந்த நாற்றம். கேட்டால் கரண்ட் சரியில்லையாம்! போன வருஷம் கண்ணுக்கென்று நீ அனுப்பின பணம் எங்கே என்று கேட்பாய். சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டி வைத்திருந்தார், இனிமேல் என்னால் முடியாது. அதைச் சர்ச் வாட்ச்மேனுடைய மகளுக்குக் காலேஜ் பீஸாகக் கட்டிவிட்டு, கண்ணு எங்கயும் ஓடிப்போகாது, அந்தப் பிள்ளை படிப்புதான் ஓடிப்போகும் என்றார். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே தடுமாறி தினமும் என் காலை மிதிக்கிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீயோ வீட்டுக் கடனில் கழுத்துவரை நிற்கிறாய், உன்னிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இது தெரிந்து சர்ச்சில் பெண்கள் சங்கத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து, ஆபரேஷனுக்கு வேண்டியதை ஒரு கவரில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் கையால் கொடுத்தார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? காணிக்கைப் பை வந்ததும் கவரை அப்படியே அதில் போட்டுவிட்டார்! சாயங்காலம் பாஸ்டர் வீடு தேடி வந்து திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மறுபடியும் போட்டார். எங்கள் வீட்டுக்கும் சர்ச்சுக்குமாக அலைந்தே அந்தக் கவர் ஓரமெல்லாம் கிழிந்துபோனது. கேட்டால், நம்மது கொடுக்கிற கை, கொடுக்கிறவனைத்தான் ஆண்டவர் ஆசீர்வதிப்பாரு என்று எனக்கே பிரசங்கம். எனக்கு வந்ததே கோபம். எல்லாருமே கொடுத்துக்கிட்டே இருந்தா வாங்குறது யாரு, அந்த ஆசீர்வாதத்தை நீங்க ஒருத்தரே குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா, காலைக் கழுவ ஆண்டவர் குனிஞ்சப்ப ஒரு சீஷர் வேண்டாம்னு காலை இழுத்துக்கிட்டாரே, அவருக்கு, கழுவ விடலேன்னா என்கிட்ட உனக்குப் பங்கில்லன்னு பதில் கிடைச்சுதே, அதையும் கொஞ்சம் படிங்க என்றேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு நான் பெண்கள் பக்கம் போகவில்லை, அவரை ஒட்டியே உட்கார்ந்துகொண்டேன். பாங்க்கில் வேலை பார்க்கிற தம்பி பையை நீட்டினார், இவர் பாக்கெட்டிலிருந்து கவரை எடுத்துப் போட்டார், போட்ட சூட்டோடு நானும் கையை உள்ளே விட்டேன். வெல்வெட் பை, குறுகின வாய், கவரைப் பிடித்த கை வெளியே வந்தால்தானே! அந்தத் தம்பி அவர் பக்கம் இழுக்க, நான் என் பக்கம் இழுக்க, பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தி, கடைசியில் ஆர்கன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வழியாகக் கையை உருவி, இது ஆண்டவர் இந்த மனுஷன் கண்ணுக்குக் கொடுத்தது, அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். உன் அப்பா ஆராதனை முடிந்ததும் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரு கம்பத்தில் இடித்துக்கொண்டார், அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை தையல்காரம்மா வந்தாள். அவளுடைய மெஷின் மோட்டாரை அப்பா எத்தனை தரம் சும்மாவே சரிபண்ணிக் கொடுத்திருக்கிறார் என்று உனக்கே தெரியும். கொஞ்ச நாளாக எங்களைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள், நாலு காசு வந்ததும் தலைக்கனம் என்று பேசிக்கொள்வோம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அண்ணே, நீங்க கொடுத்துக்கிட்டே இருந்தீங்க, நான் வாங்கிக்கிட்டே இருந்தேன், பதிலுக்கு எதுவும் செய்ய முடியாம உங்க முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டுத்தான் ஒதுங்கிப் போனேன், அந்தக் கவர்ல என் பங்கையும் போட்டப்பதான் தலை நிமிர்ந்தேன், அதையும் தூக்கிப் போட்டுட்டீங்களே என்று அழுதுவிட்டாள். அவள் போனபிறகு அப்பா, நான் அவளைக் கூச்சப்பட வெச்சுட்டேனா என்று என்னைக் கேட்டார். ஆமா என்றேன். பாவம் பார்த்தால் நடக்குமா?

இந்த லட்சணத்தில்தான் நீ அங்கிருந்து குதிக்கிறாய். நம்ம வீட்டுக்கு வசூலா, மானமே போச்சு, நான் ரெண்டு மடங்கா அனுப்புறேன், அவங்க காசை அவங்ககிட்டயே வீசிடுங்க என்கிறாய். அடேய், எங்கே இன்னொரு கடன் வாங்கியா? அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய்! அவர் ஆண்டவர் பெயரைச் சொல்லி மறுத்தார், நீ மானத்தின் பெயரைச் சொல்லி மறுக்கிறாய், இரண்டும் ஒரே வீம்புதான். கையில் இருக்கிற காசு நம்முடையது இல்லை, ஆண்டவருடையது என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தானே வளர்த்தேன். அடுத்தவர் கையிலிருந்து வரும்போது மட்டும் அது வேறு யாருடையதாக ஆகிவிடுகிறதாம்? நீ அனுப்பினால் இவர் மனசு மாறி அந்தக் கவரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அந்தப் பெண் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அது நடக்கவே கூடாது.

போன ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்கிற நேரத்தில் உன் அப்பா எழுந்து நின்றார். நன்றி சொல்லத்தான் நின்றார், ஆனால் கொடுத்தே பழகின மனிதருக்கு அந்த வார்த்தை வாயில் வந்தால்தானே. தொண்டையைச் செருமினார், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போனது. கடைசியில், வாங்கிக்கிட்டேன் என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து தையல்காரம்மா மட்டும் சத்தமாக ஆமென் சொன்னாள். நான் அழுதுவிட்டேன் சின்னவனே.

புதன்கிழமை ஆபரேஷன். ஜெபம் பண்ணு, பணம் அனுப்பாதே. தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு நன்றி என்று மட்டும் சொல், திருப்பித் தர்றேன் கிருப்பித் தர்றேன் என்று எதையாவது சேர்த்தாயோ, எனக்குக் கெட்ட கோபம் வரும். மருமகளுக்கும் பேத்திக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, கொடுக்கிற கையோடு வாங்குகிற மனசையும் உனக்குத் தரட்டும்.

ஜெபத்தோடும் எரிச்சலோடும்,
உன் அம்மா