மடங்காத மோதிர விரல்

கம்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்சல் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, அம்மா, நான் மூவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் அம்மா ஸ்பீக்கர் போட்டுவிடுவதால், ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிய துண்டுக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன்.

திராட்சைக்கு மருந்தடிக்கும்போது அத்தா இப்போது உன் புது அணியின் மஞ்சள் சட்டையைத்தான் போடுகிறார். ஆறு வருடத்தில் இது ஐந்தாவது ஊர்ச் சட்டை. பக்கத்துத் தோட்டத்துச் சுயம்புலிங்கம் மாமா, "என்ன ராவுத்தரே, இந்த வருசம் மஞ்சக் கட்சியா? ஒங்க மகன ஒரு ஊர்லயும் நிக்க விடமாட்டேங்கிறாகளே" என்று கேட்டாராம். "எங்கன போனாலும் வலை ஒரே ஒசரந்தேன்" என்றாராம் அத்தா. எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அந்தச் சட்டையை அவரே துவைத்துக் காயப்போட்டார்.

வெள்ளிக்கிழமை உன் வாலிபால் ஆட்டத்தை அத்தாவின் செல்லில் பார்த்தோம். பந்தை எடுத்துக் கொடுப்பவன் நீ, அடிப்பவருக்குத்தான் கைதட்டல். அதனால் எல்லாரும் அடிப்பவரைப் பார்ப்பார்கள். நான் உன் கையை மட்டும் பார்ப்பேன். சர்வீஸுக்கு முன் முதுகுக்குப் பின்னால் காட்டும் விரல் சைகைகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே. வீட்டுக்கு ஆள் வந்தால் நாம் அதிலேயே பேசிக்கொள்வோம். ஒரு விரல் என்றால் டீ, இரண்டு என்றால் அத்தா கோபம்.

எப்போதும் வலக்கையில் காட்டுபவன் அன்று முழுக்க இடக்கையில் காட்டினாய். வலக்கையில் மோதிர விரல் மட்டும் மடங்கவே இல்லை. விரலால் தூக்க வேண்டிய பந்துகளை முன்கையால் தூக்கிவிட்டாய். வர்ணனையாளர் அதைப் புது உத்தி என்று பாராட்டினார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான்கு வருடம் பெஞ்சில் இருந்தவன் இப்போதுதான் முதல் ஆளாக இறங்குகிறாய். விரலில் அடிபட்டதைச் சொன்னால் அந்த இடம் போய்விடும் என்று மறைக்கிறாய். எனக்குப் புரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்று, வயிற்றுவலி என்று சொல்லியே ஒரு மாதம் வீட்டில் இருந்தவள் நான். அதைக் கண்டுபிடித்தவன் நீ. யாரிடமும் சொல்லவில்லை. நானும் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்போது நீ யாரிடமாவது சொல்லியிருந்தால் நான் பள்ளியை விட்டிருக்க மாட்டேனோ என்று சில நாள் தோன்றும்.

அணி டாக்டரிடம் கையைக் காட்டு, அண்ணே. பெஞ்சில் உட்காரச் சொன்னால் அது உனக்குப் பழகிய இடம். ஊருக்கே அனுப்பிவிட்டாலும் நீ வந்து சேர்வது நம் வீட்டுக்குத்தானே.

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பதியும்படி பெருநாளன்று சொன்னாயே. உத்தமபாளையத்துக்குப் போய் முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டுமே என்று தள்ளிப்போட்டு வருகிறேன். பழைய சான்றிதழ்களை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை நீ ஆடாவிட்டாலும் பரவாயில்லை. கட்டுப் போட்ட கையை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திரு. கேமரா ஒரு தடவையாவது பெஞ்சுப் பக்கம் திரும்பும். அதைப் பார்த்துவிட்டால் திங்கட்கிழமை காலை நான் தனியாகவே உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

உன் பத்து விரல்களுக்கும் துஆ கேட்கும்,
தங்கை மிஸ்பா