முட்டிவலியும் பௌர்ணமி நடையும்

கலாவுக்கு,

நேற்று கடையில் குந்தி உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை மூட்டையைப் பிரித்தவன், எழுந்திருக்க முடியாமல் அப்படியே சாய்ந்துவிட்டேன். முட்டிச் சில்லுக்குப் பின்னால் அப்படி ஒரு வலி. போனில் சொன்னால் உன் பக்கத்தில் படுத்திருக்கும் நம் பெண் ஆர்த்தி கேட்டுவிடுவாள் என்றுதான், நீ கேட்ட சாமானோடு இதை வைத்து அனுப்புகிறேன். ஏழாம் மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறவளுக்கு என் கவலை வேறு வேண்டாம். அவள் பிரஷர் இறங்கியதா?

வேங்கிக்காலில் பிசியோதெரபி பார்க்கும் சிவப்பிரியாவிடம் போனேன். காலை நீட்டித் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முட்டியைச் சுற்றி டேப் ஒட்டினாள்.

"தொடையில பலம் கம்மி அங்கிள், அதான் முட்டிக்கு பாரம் ஜாஸ்தியாவுது. குந்தறத விடுங்க. இந்தப் பௌர்ணமிக்கு கிரிவலமும் வேணாம்."

"பொண்ணுக்கு நல்லபடியா பிரசவம் ஆவுற வரைக்கும் மாசாமாசம் சுத்தறேன்னு வேண்டிக்கினேம்மா."

"நொண்டிக்கினே வந்தா அண்ணாமலையாரே என்கிட்டதான் அனுப்புவாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதம் விட்டுப்போய், அங்கே ஆர்த்திக்கு ஏதாவது... வேண்டாம், அதை எழுத மாட்டேன். விடாமல் பேரம் பேசினேன். சிவப்பிரியாவும் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவளாம். வேறொருத்தர் நடந்தாலும் வேண்டுதல் சேரும் என்று நீயாவது சொல்.

பேசி முடித்தது இதுதான். இந்த மாதம் ஆர்த்தி பேரைச் சொல்லி எனக்குப் பதிலாகச் சிவப்பிரியா சுற்றுவாள். நான் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, தினம் இரண்டு வேளை பயிற்சி செய்ய வேண்டும். ஒரு வேளை தவறினாலும் அவள் நடக்கமாட்டாள்.

உன் வீட்டுக்காரன்