ஒரு மினுக்கு என்றால் இல்லை

கலிஸ்டோ, மேல் நிலையம்
பதிவு செய்பவர்: ராஜகனி, ஒளியியல் பிரிவு

நாள் 88, 08:10

வழக்கமான பதிவு. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. சாப்பாடு மட்டும் சரியில்லை, ஆனால் அதைப் பதிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது.

கதிர்ப்புயலில் ரேடியோ கருகிவிட்டது, கீழே இருப்பதும் சேர்த்து. வியாழனைச் சுற்றும் இந்த நிலவில் இரண்டே பேர். மலையுச்சியில் நான், கீழே பள்ளத்தில் துளைபோடும் பொறியாளர் இசக்கிதுரை. இருக்கும் ஒரே வண்டியும் அவனிடம். மீட்புக் கலம் வர வாரங்கள் ஆகும்.

அவன் தன் அறைக்குள்ளிருந்தே ஒரு ஸ்விட்சால் வண்டி விளக்கை அணைத்து எரித்துப் பேசுகிறான். தொலைநோக்கியில் படிக்கிறேன். பதில் சொல்ல என்னிடம் இருப்பது வெளிக்கம்பத்தில் நிற்கும் லேசர் ஒன்றுதான். அணைத்தால் மறுபடி சூடேற அரை மணி ஆகும். நானே வெளியே நின்று கையால் மறைத்து மறைத்துக் காட்டலாம். ஒரு வாக்கியம் முடிவதற்குள் கதிர்வீச்சு என்னைச் சமைத்துவிடும். ஆகவே அதற்கு ஒரு கதவு வேண்டும்.

நாள் 88, 14:30

கதவு கிடைத்தது. இசக்கிதுரை இங்கே விட்டுப்போன பழைய பிலிம் கேமரா. பழைய இரும்பு என்று நான் கேலி செய்த சாமான்.

லென்ஸைக் கழற்றினேன். பின்மூடியைப் பிடுங்கினேன். உள்ளே ஷட்டர், அதாவது இரண்டு கறுப்புத் துணித் திரைகள். முதலாவது ஓடித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். நடுவே லேசரை விட்டால் ஒரு மினுக்கு. ஒவ்வொரு முறையும் ஷட்டரை இழுத்துவிட ஒரு சின்ன மோட்டார் வைத்தேன். ஓடிப்போய்க் கம்பத்தில் கட்டி, ஸ்விட்சை உள்ளே கொண்டுவந்தேன்.

வெளிக்குளிரில் இரண்டாவது திரை முழுதாக மூடவில்லை. ஓட்டத்தின் முடிவில் அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பட்டையில் எண்ணெய் இறுகிவிட்டது. பட்டையைக் கழற்றி டப்பாவில் போட்டேன். இப்போது திரை சாட்டை மாதிரி ஓடுகிறது. எனக்கு என்மேல் கொஞ்சம் கர்வம் வந்தது.

நாள் 89, 10:05

குறிமுறை இசக்கிதுரை போட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் இத்தனை மினுக்கு. கடைசி மினுக்கு இரட்டையாக விழுந்தால் அந்த எழுத்தின் மெய்யை இரட்டித்துப் படிக்க வேண்டும். கேள்விகளுக்கு இன்னும் எளிது. ஒரு மினுக்கு என்றால் இல்லை. இரண்டு என்றால் ஆமாம்.

அவன் அனுப்பியது: "யக்கா, நீங்க அனுப்புத எழுத்து ரெட்டை ரெட்டையா வருது. திக்குதியளா?"

கொழுப்பு. ஆனால் சொன்னது சரி. தடுக்கப் பிரேக் இல்லாததால் திரை ஓரத்தில் மோதித் திரும்புகிறது. ஒரு கணம் மறுபடி ஒளி கசிகிறது. பழைய கையுறையிலிருந்து ரப்பர் வெட்டி ஓரத்தில் ஒட்டினேன். மோதல் நின்றது. சரிசெய்துவிட்டேன் என்று அனுப்பினேன்.

"இப்பதான் மனுசி பேசுத மாதிரி இருக்கு" என்று பதில்.

நாள் 93, 11:40

"யக்கா, அடுப்பு அணைஞ்சி போச்சி. வெரலெல்லாம் வெறைச்சிட்டு. என்ன செய்யட்டும்?"

அடுப்பு என்று நாங்கள் சொல்வது மீத்தேன் சூடேற்றியை. எங்கே என்ன வாயு என்று காட்டும் நிறமாலைமானியை அவன் அறைப் பக்கம் திருப்பினேன். காற்றுப்போக்கியில் மீத்தேன் கொட்டுகிறது. குழாய் பிளந்திருக்கிறது. அறை முழுக்க வாயு. அதற்கு வாசனை கிடையாது, அவனுக்குத் தெரிய வழியில்லை.

நேரமில்லை. ஒரே சொல் அனுப்பினேன். மூடு.

11:44

"சரிக்கா. மூட்டவா?"

அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு சன்னல் வழியே கம்பத்தைப் பார்த்தேன். ரப்பர் இல்லை. குளிரில் கல்லாகி உதிர்ந்திருக்கிறது. நான் மூடு என்றேன். அவனுக்குப் போய்ச் சேர்ந்தது மூட்டு.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு மினுக்கு.

ஸ்விட்சை அழுத்தியபோதே தெரிந்துவிட்டது. திரை ஓடியது, மோதியது, திரும்பியது. இரண்டு.

மறுபடி அழுத்தினேன். மறுபடி இரண்டு.

வேண்டாம் என்று முழுச்சொல்லாக அனுப்பியிருக்கலாம். என் கைக்கு அந்த அறிவு அப்போது இல்லை.

"சரிக்கா, சரிக்கா. ஒருக்கா சொன்னா போதாதா."

11:46

பள்ளம் வெளுத்தது. சத்தம் எதுவும் இல்லை. இங்கே சத்தம் வராது.

12:20

விளக்கு மினுக்குகிறது. உயிரோடு இருக்கிறான்.

"யக்கா, கூரை விழுந்துட்டு. காலு ரெண்டும் அடியில மாட்டிக்கிட்டு. வெளக்கு ஸ்விட்சு கையிலயே இருக்கு. குளிருக்கு மாட்டுன உடுப்புல காத்து ஒரு மணி நேரத்துக்கு வரும். நீங்க சொன்ன மாதிரிதான மூட்டுனேன்?"

இந்த ஷட்டரை வைத்துக்கொண்டு என்ன சொன்னாலும் ஆமாம்தான்.

வெளியே போனேன். கேமராவை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்தேன். பிரேக் பட்டையைச் சூப் சூடாக்கும் தட்டில் வைத்தேன். எண்ணெய் உருகிவிட்டது. திரும்பப் பூட்டி, கேமராவைச் சுற்றிச் சூட்டுக் கம்பி சுற்றினேன். மறுபடி கம்பத்தில் கட்டினேன். வேலை அவ்வளவுதான். கொஞ்சம் சூடு காட்டியிருந்தால் போதும், முதல் நாளே. முனைவர் பட்டம் வாங்கிய கழுதை நான்.

கதிர்வீச்சில் என் கைகள் சிவந்து வீங்குகின்றன. அது பரவாயில்லை.

12:52

சோதித்தேன், லேசரை வேறு பக்கம் திருப்பி வைத்து. அழுத்தினால் ஒன்று. சுத்தமான ஒன்று.

லேசரைப் பள்ளத்துக்குத் திருப்பினேன்.

12:55

"யக்கா, வாரியளா?"

நடந்தால் ஒரு நாள். அதுவும் செங்குத்துப் பாறை. அவனிடம் அரை மணிக்குக் கூடக் காற்றில்லை. உண்மையான பதில் ஒரு மினுக்கு, அதைச் சொல்லத்தான் இப்போது கதவு சரியாகிவிட்டதே.

அழுத்தினேன். ஒன்று போனது.

உடனே இன்னொன்றும் அழுத்தினேன். இது திரை செய்ததில்லை, நான்.

12:57

"சரிக்கா. அவசரப்படாம வாங்க. வெளக்க எரிய விடுதேன், வழி தெரியட்டும்."

விளக்கு எரிகிறது.

15:30

எரிகிறது. அவன் பேச வேண்டுமானால் அதை அணைக்க வேண்டும். இன்னும் அணைக்கவில்லை.