மாலை போட்ட படத்துக்கு ஒரு கிளாஸ் பிராந்தி

கல்மண்டபம், இராயபுரம்
19.8.2008

அன்புள்ள கோமளாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்தனவா என்று எழுது.

முதலாளி மனோகரன் மதுபான வரலாறு பற்றிய பாட்காஸ்டை, அதாவது கம்ப்யூட்டரில் கேட்கும் ரேடியோவை, ஞாயிறன்று தொடங்கிவிட்டான். கள் முதல் ஒயின் வரை எழுதியதெல்லாம் நான். "என் ஆராய்ச்சி" என்று வாசித்தது, கல்லூரியிலும் என் குறிப்புகளைப் பார்த்தே தேறிய அந்த மேதை. விழாவுக்குத் தன் பெரிய படத்துக்குத் தானே மாலை போட்டு, முன்னால் அழகுக்காக ஒரு கிளாஸ் பிராந்தியும் வைத்திருந்தான். இந்தப் பக்கம் இறந்தவர் படத்துக்குத்தான் அப்படிப் படைப்பார்கள்.

பெருக்க வந்த பவுனம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் படத்தைக் கும்பிட்டாள்.

"எப்ப நைனா பூட்டாரு? நேத்துகூட என்னாண்ட கத்திகினு இருந்தாரே" என்று என்னைக் கேட்டாள்.

விருந்தினர் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன்.

"நாளையிலிருந்து வராதே" என்றான் அவள் பின்னால் நின்றிருந்த மனோகரன். அவளிடம் அல்ல, என்னிடம்.

கவலைப்படாதே. அவனிடம் இத்தனை நாள் கைகட்டி நின்றதே அதிகம். என் எம்.ஏ. சான்றிதழும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் வேண்டும்.

தபால் பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். சான்றிதழைத் தபாலை நம்பி அனுப்பாதே. நீயே கொண்டு வா.

உன்,
தங்கராசு