கலங்கல் மேல் அடுக்கிய மூட்டைகள்

ஐப்பசி 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. ஈர யூனிபார்மோடே இவர் கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்ட் போனார். போகும்வரை முணுமுணுப்பு.

யார் முணுமுணுத்தாலும் இன்று எனக்குக் கவலை இல்லை. ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது! குடைகூட எடுக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆடியிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் மகளிர் குழு வேலிக்காத்தான் முள்ளை வெட்டி, மண்ணை வாரிப் போட்ட வாய்க்கால். கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிறுதான் லீவு. அதையும் முள்ளுக்குக் கொடுத்தார்கள்.

குழுத் தலைவி முனியம்மா அக்கா (இனி மு.அ., எழுதி மாளாது) கரையில் நின்று, "கண்ணாலம் கட்டிகினு வந்த நாளா இந்த வாய்க்கால்ல ஆட்டுப் புழுக்கதான் பார்த்துகீறேன். இன்னிக்குதான்டி தண்ணி பாக்குறேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஐப்பசி 5, புதன்

மழை விட்டு விட்டு. நான் வேலை பார்க்கிற பால்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்ததில் ஒன்று சத்துமாவு உருண்டையைத் தவளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

ஏரி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. கலங்கல் பக்கம் ஒரே ஆண்கள் கூட்டம். முள் வெட்டும்போது ஒருத்தரையும் காணோம், தண்ணீரைக் கண்டதும் ஆளாளுக்கு இன்ஜினியர். மிச்சத் தண்ணீர் வழிகிற அந்தக் கல்சுவர் மேல் மண்மூட்டை அடுக்கினால் ஏரியில் இன்னும் ரெண்டு அடி நிற்குமாம். யோசனை யாருடையது என்று பார்த்தால், எங்கள் வீட்டுக்காரர். கம்பெனியில் காலிச் சாக்கு கேட்டு வாங்கி வந்து, சாயங்காலத்துக்குள் கலங்கல் நீளத்துக்கும் அடுக்கிவிட்டார்கள்.

மூணு வருஷமாகப் போர்வெல்லில் காற்று மட்டும் வந்த ஊர். ஒரு சொட்டும் போகக் கூடாது என்கிற ஆசை புரிகிறது. இவருக்கு ஆம்லெட் போட்டேன்.

ஐப்பசி 8, சனி

மழை. அண்ணன் வந்தார். என் பிறந்த ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம்தான். தண்ணீர் ஏறுகிற ஓரத்தில் அவர் நிலம். சைக்கிளை நிறுத்தியவர் உள்ளே வரவில்லை.

"இன்னா மாப்ள, உங்க ஊருக்கு ஏரி ரொம்புது, எனக்கு நட்ட நெல்லு முழுகுது. நுனிதான் தெரியுது. இன்னும் ரெண்டு மூணு நாள் இப்பிடியே நின்னா அழுகிப் பூடும்."

"மழைக்கு நான் இன்னா பண்றது மச்சான்?" என்றார் இவர்.

"மழ இல்ல மாப்ள. மூட்ட."

அவ்வளவுதான் பேச்சு. டீயைத் தொடாமல் கிளம்பிவிட்டார். மூட்டையை எடுங்கள் என்றால், பிறந்த வீட்டுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று ஊர் சிரிக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால், தை மாசம் அண்ணன் வீட்டில் அறுக்க என்ன இருக்கும்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இவருக்கு ராத்திரி வெறும் ரசம். அப்பளம்கூட இல்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

தூறல். மு.அ. வீட்டில் குழுக் கூட்டம். சந்தா, வருகை எல்லாம் மறந்து கோடி பூஜை பற்றியே பேச்சு. ஏரி நிரம்பிக் கலங்கல் மேல் வழிந்தால்தான் கோடி போச்சு என்பது. அன்றுதான் பூஜை, ஊருக்கெல்லாம் பொங்கல். சின்னப் பெண்கள் பலர் பார்த்ததே இல்லை.

பட்டென்று கேட்டேன்: "கல்லு மேல தண்ணி போனாத்தான கோடி? மூட்ட வெச்சிகினு எதுக்குப் பூஜ பண்ணுவீங்க?"

"அதான! சாக்குக்கா பொட்டு வெப்பாங்க?" என்றாள் ஒருத்தி. சிரிப்பான சிரிப்பு.

எல்லாரும் போனதும் மு.அ. என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க அண்ணன் நெல்லுக்கோசரம்தான சொன்ன?"

பொய் வரவில்லை. "ஆமாக்கா."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? முள்ளு கிழிக்க கிழிக்க வெட்டினது ஒருத்தன் வயித்துல அடிக்கவா? நாளிக்கு கலங்கல்ல வந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அழுதுவிட்டேன். மூக்கு சிந்த முந்தானையைத் தேடினால் அதுவும் ஈரம்.

ஐப்பசி 10, திங்கள்

மழை இல்லை, மூட்டம். பூஜைக்கு மஞ்சள், குங்குமம், கற்பூரம், வாழைப்பழம், வெல்லம். பூ கவரைப்பேட்டையிலிருந்து. தீப்பெட்டியை எல்லாரும் மறந்தோம். பீடி குடிக்கிற ஆளிடம் வாங்கினோம்.

காலையில் குழு மொத்தமும் கலங்கலில். வேலைக்கு மட்டம் போட்டவர்களும் உண்டு. ஆண்கள் குறுக்கே நின்றார்கள். "ரெண்டு அடி தண்ணிம்மா! வெளையாட்டா?" என்று ஒருவர் கத்தினார். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சொல்லிவிட்டேன். "எங்க அண்ணன் நெல்லு முழுகுது. அவர் ஒருத்தர்து இல்ல, அந்தக் கரை ஓரமா எல்லாரோட நெல்லும். கல்லு வெச்சவங்க அவங்க நெலத்தப் பார்த்துதான் அளவு வெச்சாங்க. அதுக்கு மேல நிக்கிற தண்ணி நம்மளுது இல்ல."

"பொறந்த ஊட்டுப் பாசம் பொங்குதுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமாய்யா, பொங்குது. உன் தங்கச்சி உன்ன வுட்டுக் குடுப்பாளா?" என்றாள் மு.அ.

அவளே இறங்கி முதல் மூட்டையை இழுத்தாள். மண் ஊறிக் கனம், அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. அப்போதுதான் இவர் பேண்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

"வுடுக்கா. அடுக்கினவன் நானு, நானே எடுக்கிறேன்."

கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கல் தெரிந்தது, அதன் மேல் தண்ணீர் விழுந்தது. மஞ்சளும் பூவும் கீழ் ஊர் ஏரியைப் பார்த்து ஓடின. என்ன கத்தினோம் என்று தெரியவில்லை, கத்தினோம். தொண்டை இன்னும் வலி.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் கரையில் நின்று அண்ணன் வயல் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

ஐப்பசி 13, வியாழன்

நல்ல வெயில். காலையிலேயே அண்ணன். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "மொதல்ல நாஷ்டா துன்னு மச்சான், அப்பறம் திட்டு" என்றார் இவர். இட்லி, தக்காளிச் சட்னி.

திட்டவில்லை. தண்ணீர் வடிந்துவிட்டதாம். ஓரத்தில் கொஞ்சம் போச்சு, மீதி சேறு படிந்து கிடக்கிறது, ஆனால் குருத்து பச்சையாக இருக்கிறது என்கிறார். தேறிவிடும். வயிறு குளிர்ந்தது.

தட்டில் கை கழுவிவிட்டும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. "எங்க ஊருக்குன்னு தனியா ஒரு ஏரி கீதே, அதுக்கு வர்ற வாய்க்காலும் முள்ளு மண்டிதான் கெடக்குது. நீங்க எங்க இருந்து ஆரம்பிச்சீங்க, எப்பிடி வெட்டினீங்கன்னு பொம்பளைங்க கேட்டுகினே கீறாங்க. வந்து சொல்றியாம்மா?"

"வரேண்ணா. இந்த மழக்காலம் போவட்டும்."

"அவ மட்டும் இன்னாத்துக்கு?" என்றார் இவர். "ஞாயித்துக்கெழமன்னா நானும் வரேன். முள்ளு வெட்ட எனக்குத் தெரியாதா?"

நாங்கள் முள் வெட்டிய ஒரு ஞாயிறுகூடப் பாயை விட்டு எழாத மனுஷன்! அண்ணன் எதிரில் சிரிக்கக் கூடாதென்று சட்னிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.