ஐந்தில் ஒரு பங்கு

மார்ச் 4
மறுபடியும் அலுவலக ஜன்னலில் கல். எரிமலையைக் கண்காணிக்கிற எங்களுக்கு மலையைவிட ஊரை நினைத்தால்தான் பயம். போன வருஷம் என் எச்சரிக்கையைக் கேட்டு எல்லோரும் வீட்டைக் காலி செய்தார்கள். மலை வெடிக்கவில்லை. பூட்டிக் கிடந்த கடைகளைத் திருடர்கள் சூறையாடிவிட்டார்கள். தம்பியின் மெத்தைக் கடையும் போயிற்று; கடன் வாங்கித்தான் மறுபடி திறந்திருக்கிறான். அன்றிலிருந்து அவனுக்கு நான் அக்கா இல்லை, புளுகுணி.

மார்ச் 9
மலைக்கடியில் நடுக்கம் கூடிக்கொண்டே போகிறது, சரிவு வீங்குகிறது. மறுபடி வெளியேறச் சொல்லிவிட்டோம். தம்பி பெண்டாட்டி பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இரும்புத் தடியோடு கடையிலேயே படுத்துக் கிடக்கிறான்.
"வெடிக்குமா, வெடிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லு."
"அஞ்சுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குடா."
"அப்போ நாலு பங்கு என் பக்கம். போய் வேலையைப் பாரு."
கட்டாயம் வெடிக்கும் என்று புளுகியிருக்கலாம். வாய் வரவில்லை. பாழாய்ப்போன படிப்பு.

மார்ச் 10
மலைமேலிருந்த அதிர்வுமானியை ஊர்க்காரர்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள். தடுக்கப் போன எங்கள் ஓட்டுநரின் மண்டையையும்.

மார்ச் 11
அந்தக் கடைதானே அவனைப் பிடித்து வைத்திருக்கிறது? கடையே இல்லாவிட்டால்?

மார்ச் 12
கொளுத்திவிட்டேன்.
அவன் தெருக்குழாயில் குளிக்கப் போயிருந்தான். பெட்ரோல், ஒரு தீக்குச்சி. பஞ்சு குப்பென்று பிடித்தது. நான் ஓடவில்லை. ஈரத்தலையோடு வந்தவன் கடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"நீயா? நீயாடி?"
கையிலிருந்த தடி என் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அடுத்தது விலாவில். அதற்குமேல் அவனால் கை ஓங்க முடியவில்லை, நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான். இனிமே காவல் காக்க இங்க என்னடா இருக்கு, போய்த் தொலைடா என்று நானும் கத்தினேன்.
போய்விட்டான்.
இதை எழுதுவது இடது கை.

ஏப்ரல் 20
மலை அடங்கிவிட்டது. எச்சரிக்கையை விலக்கிக்கொள்ளும் அறிக்கையில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராகக் காவல் நிலையம் போனேன். தம்பியை ஊரைவிட்டுக் கிளப்ப நான்தான் கடையைக் கொளுத்தினேன் என்றேன்.
"மலைதான் வெடிக்கவே இல்லையே மேடம்!" என்றார் ஆய்வாளர்.
சேதி தெரிந்து தம்பி வந்துவிட்டான். வாசலில் நின்று என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அது அவன் பரம்பரையும்தான், முட்டாள். போலீஸ்காரர்கள் அடக்கிப் பார்த்தும் அடங்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினான்.
பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். நல்ல கனத்த குரல் அவனுக்கு.