கழுத்து நிறைய

3.3.1985, ஞாயிறு

இன்று என் முறை. படம் எடுத்தாயிற்று.

மேற்கு பேர்லினில், இந்த நொய்கெல்னில் இருக்கிற எங்கள் பெண்கள் ஊருக்குப் படம் அனுப்புகிற விதம் ஊருக்குத் தெரிந்தால் சிரித்தே செத்துப்போகும். கமலநாயகி அக்கா ஒருவரிடம்தான் அட்டியலும் பதக்கச் சங்கிலியும் ஆறு காப்பும் இருக்கின்றன. அவை வீடு வீடாகப் போகும். ஒருத்தி பூட்டிப் படம் எடுத்து முடிய, அடுத்தவளுக்கு. கூறைச் சேலைகூட அதே சேலைதான், மடிப்பை மட்டும் மாற்றிக் கட்டுவோம்.

தெருவில் யாரோ எறிந்திருந்ததைத் தூக்கி வந்த எங்கள் மெத்தையைக் குசினிக்குள் தள்ளிவிட்டு, புதிதாக வாங்கிய பெரிய ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாம் மாமிக்காகத்தான். லண்டனில் இருக்கிற மூத்த மருமகளின் படத்தைத் தெருத்தெருவாகக் காட்டித் திரிகிறாராம். "உம்மட படம் எங்கை?" என்று எழுதியிருந்தார். நான் என்ன குறைந்தவளா?

என் சொந்த நகை அம்மாவிடம் இருக்கிறது. வழியில் பறிபோகும் என்று பயந்து விட்டுவிட்டு வந்தது. அதற்கு வேறு வேலை இருக்கிறது. அதை விற்றுத் தம்பியை இங்கே எடுக்க வேண்டும். சிறீதரனுக்குப் பதினெட்டு வயது. ஆமி சுற்றிவளைத்தால் முதலில் ஏற்றிக்கொண்டு போவது அந்த வயதுப் பெடியன்களைத்தான்.

10.3.1985

படம் தபாலில் போய்விட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன். மாமி வயிறெரியட்டும்.

5.5.1985, ஞாயிறு

எழுதினால் மனம் ஆறுமா?

கிழக்கு பேர்லின் வழியாக வருகிற பாதையை ஆடியோடு எங்களுக்கு மூடப்போகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நகையை விற்று, ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குக் கட்டுங்கள் என்று சொல்லத்தான் ஊரில் யோகம் அண்ணை கடைக்கு ரெலிபோன் எடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அதைப் பவளத்துக்குக் குடுத்திட்டனே, பிள்ளை."

பவளம் இவருடைய தங்கை. எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"மாமி உன்ர படத்தோட வந்தவ. கழுத்து நிறையக் கிடக்கு, கை நிறையக் கிடக்கு, பெட்டியில கிடக்கிறதை உங்கட மகள் இனித் தேடுவாவோ, பவளத்தின்ர சீதனத்துக்குத் தாங்கோவன் எண்டு நாலு பேருக்கு முன்னால கேட்டா. இல்லையெண்டால் உனக்கெல்லோ மரியாதைக் குறைவு? போன கிழமை கலியாணமும் முடிஞ்சுது."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சரியம்மா" என்றேன். காசு முடிந்து லைன் அறுந்தது.

சரியாம்! என்ன சரி? சும்மா ஒரு படம். ஒரு படமெண்டுதானே நினைச்சனான். ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறன் நான்?

6.5.1985

வேலைக்குப் போனேன். துடைத்த படியையே திரும்பவும் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுக்காரக் கிழவி பார்த்துத் தலையை ஆட்டினாள்.

இவர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்ததும் சொன்னேன். கோட்டைக் கழற்றாமல் அப்படியே இருந்துவிட்டார்.

"பவளத்திட்டத் திருப்பிக் கேக்கட்டோ?" என்று பிறகு கேட்டார்.

"கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் நகையோட சேர்த்து அவளையும் அனுப்பிப்போடுவினம்" என்றேன்.

பிறகு இருவரும் ரேடியோவைப் பார்த்தோம். விற்றால் தம்பியின் பயணத்தில் கால்வாசியும் தேறாது. நாலு பேர் வந்தால் சத்தமாகப் போட்டுக் காட்டத்தான் அதை வாங்கினோம். நாலு பேரும் வந்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், போனார்கள்.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. அவளாவது கந்தையைத்தான் எறிந்தாள். நான் தம்பியை அல்லவா எறிந்திருக்கிறேன்?

12.5.1985, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது என்ர நகையில்லை. இரவல்."

கடையில் யாரோ சோடா கேட்பது மட்டும் கேட்டது. திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப, பிள்ளை... உனக்கு அங்கை என்னதான் இருக்கு? வயிறாறச் சாப்பிடுறியோ?"

ரெலிபோன் பெட்டிக்குள் நின்று வாய்விட்டு அழுதேன். வெளியே காத்திருந்த ஜெர்மன்காரி கண்ணாடியைத் தட்ட வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அம்மா இவ்வளவு நாளும் அந்தப் படத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறார். அது எனக்கு இன்றுதான் உறைத்தது.

"தம்பிக்கு என்னம்மா செய்யிறது?"

"நீ வை. நான் பாக்கிறன்."

எதைப் பார்ப்பார்? அவரிடம் என்ன இருக்கிறது?

2.6.1985

ரேடியோவை மாடியில் இருக்கிற துருக்கிக் குடும்பம் வாங்கியது. காசைக் கொழும்பு வழியாக அம்மாவுக்கு அனுப்பினோம். அறை பெரிதாகிவிட்டது போல இருக்கிறது.

கமலநாயகி அக்கா வந்து, "என்னடியப்பா, வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு?" என்றார். வித்துப்போட்டம் என்றேன். ஏன் என்று கேட்டார். முழுவதும் சொன்னேன். "என்ர நகையாலயோ இவ்வளவும்?" என்றவர், தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

20.6.1985

ஊருக்கு லைன் கிடைக்கவில்லை. இன்றும்.

7.7.1985, ஞாயிறு

தம்பி வந்துவிட்டான்.

கதவைத் தட்டுகிறான், நான் யாரோ என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! அவ்வளவு மெலிவு. கிழக்கிலிருந்து ரயில் ஏறி வந்து, துண்டில் எழுதியிருந்த விலாசத்தைத் தெருவில் கண்டவர்களிடம் எல்லாம் காட்டி வந்து சேர்ந்திருக்கிறான். கட்டிப்பிடித்து அழுது முடிந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"நாங்கள் அனுப்பினது காணாதே. மிச்சம் ஆர் கட்டினது?"

அவன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா கொடியை வித்தவ."

தாலிக்கொடியை. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கழுத்தைக் கொடி இல்லாமல் கண்டதே இல்லை.

"ஐயா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஐயாதான் மஞ்சள் கயிறு வாங்கிக்கொண்டு வந்து கட்டினவர்."

"வெளியில போகேக்கை சீலைத் தலைப்பால மூடிக்கொண்டு போறவவோ?"

"இல்லையக்கா. பவளத்தின்ர வீட்டு விருந்துக்கும் அப்பிடியேதான் வந்தவ. கொடி எங்கை எண்டு மாமி சனத்துக்கு முன்னால கேட்டா. 'பெடியனை அனுப்புறதுக்கு வித்தனான்' எண்டு சொல்லிப்போட்டு, இலையைப் போடச் சொல்லி இருந்து சாப்பிட்டவ."

தம்பி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். போட்டேன்.